ஊசியும் நூலும்: வாசகிகள் கேள்வி, அக்கா பதில்

போன மாசம் பேத்திக்கு மல் துணில ஞானஸ்நான கவுன் தச்ச கதைய எழுதினாலும் எழுதினேன், கடுதாசி வந்து குவிஞ்சிடுச்சுங்க. ஜப்ளா, லேஸ், ஸ்மாக்கிங், ஷேடோ ஒர்க்னு அத்தனையும் நுணுக்கமான தையல் பத்தின கேள்விங்க, அதனால இந்த மாசம் பிளவுஸ் அளவு, சுடிதார் கட்டிங் எதுவும் இல்ல, முழுக்க இது மட்டும்தான்.

அம்மாபேட்டை வாசகி: அக்கா, எங்கம்மாவோட பழைய நூல் சேலை ஒண்ணு இருக்கு, துவைச்சு துவைச்சு பூ மாதிரி ஆயிடுச்சு. அதுல என் பேத்திக்கு ஜப்ளா தைக்கலாம்னு பாத்தா தையல் போட்ட இடமெல்லாம் நூல் பிரியுது, ஓவர்லாக் போட்டா கொழந்தைக்கு உறுத்துது. என்ன பண்றது?

ஓவர்லாக்கே வேணாங்க. பச்சக் கொழந்த துணிக்கு பிரெஞ்ச் சீம் தவிர வேற எதையும் நான் சொல்ல மாட்டேன். நாம வழக்கமா துணியோட நல்ல பக்கத்த உள்ள வச்சுதான தைப்போம், இதுல முதல் தையலுக்கு மட்டும் நல்ல பக்கம் வெளிய தெரியிற மாதிரி வச்சு, ஓரத்துலருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி ஒரு தையல் ஓட்டுங்க. அப்புறம் ஓரத்த 3 மில்லிமீட்டருக்கு ஒட்ட வெட்டிடுங்க, இந்த வெட்டுறதுல சோம்பேறித்தனம் பட்டோம்னா பின்னால நல்ல பக்கத்துல பிசிறு எட்டிப் பாக்கும், அத எடுக்கவே முடியாது. வெட்டின தையல நகத்தால நீவி, இஸ்திரி போட்டு, துணியத் திருப்பி நல்ல பக்கம் உள்ள போற மாதிரி வச்சு மறுபடி ஒரு தையல். இப்ப பிசிறு முழுக்க உள்ளயே சிறைபட்டுடும், உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டும் ஒரே மாதிரி வழவழன்னு இருக்கும். இதுக்கு வெட்டும்போதே ஓரத்துக்கு 1 சென்டிமீட்டர் சேத்து விட்டுக்கங்க.

ஆனா சேலை முழுசையும் நம்பாதீங்க. கொசுவம் வர்ற எடம், இடுப்புல சொருகுற எடமெல்லாம் நஞ்சு போயிருக்கும். ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாருங்க, எழை எழையா வெளிச்சம் தெரியிற எடத்த விட்டுட்டு மத்த எடத்துல வெட்டுங்க. மெஷினுக்கு 9ஆம் நம்பர் ஊசி, கெடைக்கலன்னா 11, பிளவுசுக்குப் போடுற 14, 16 எல்லாம் இந்தத் துணில ஓட்டை ஓட்டையா போட்டு வச்சிடும். நூலும் காட்டன் நூலா வாங்குங்க, பாலியஸ்டர் நூல் துணிய விட பலமா இருக்கும், நாளாக நாளாக அதுவே துணிய அறுத்துடும். துணி மெஷினுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போச்சுன்னா அடியில மெல்லிசு பேப்பர் ஒண்ணு வச்சுத் தச்சுட்டு அப்புறமா கிழிச்சு எடுத்துடுங்க.

இன்னொண்ணு, கீழ் விளிம்புல ரெண்டு டக், அதாவது மடிப்பு, வச்சுத் தைங்க. 1.5 சென்டிமீட்டர் டக் ஒண்ணுக்கு 3 சென்டிமீட்டர் துணி உள்ள மடிஞ்சிருக்கும், புள்ள வளர வளர ஒவ்வொண்ணா பிரிச்சு விட்டா அந்த 3 சென்டிமீட்டர் நீளம் கெடைக்கும். இந்த டக்க மட்டும் சங்கிலித் தையல்ல போடுங்க. அரிசி மூட்டைல ஒரு நூலப் புடிச்சு இழுத்தா சர்ருன்னு பிரியுமே, அதே மாதிரி துணி காயப்படாம பிரிஞ்சு வரும். காலத்துக்கும் நிக்கணும்னு தைக்கிற துணில உள்ள துணி விட்டுத் தைக்கணுங்க. எங்க பெரியம்மா ஒரு பாவாடைய வாங்கினா முன்னழக பாக்கவே மாட்டாங்க, திருப்பிப் போட்டு உள்ள எவ்வளவு துணி விட்டிருக்கான்னுதான் பாப்பாங்க. எனக்கும் அந்தப் பழக்கம்தான் ஒட்டிக்கிச்சு.

அதே வாசகி: பாடிஸ்ட்னு வெளிநாட்டு மெல்லிசு பருத்தித் துணிதான் வேணும்னு சொல்றாங்களே, சேலத்துல எங்க கெடைக்கும்?

அம்மாபேட்டைல தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே இந்தக் கேள்விய கேக்கலாமாங்க! 100ஆம் நம்பர் நூல்ல நெய்த வேட்டி ஒண்ணு வாங்குங்க. நூல் நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசுன்னு நெசவு பண்ற வீட்டுல எல்லாருக்கும் தெரியும், ஆனா கணக்கு எப்படின்னா, 840 கெஜம் ஒரு சிட்டம், ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிக்குதோ அதுதான் நம்பர். அப்போ 100ஆம் நம்பர்னா ஒரு பவுண்டு பஞ்சுல 84,000 கெஜம் நூல், 76 கிலோமீட்டருக்கு மேல வருது, சேலத்துலருந்து நீட்டினா ஈரோட்டத் தாண்டிப் போயிடும். அவ்ளோ மெல்லிசு நூல்ல நெய்த நாலு முழ வேட்டில ஜரிகைக் கரைய எடுத்துட்டா ரெண்டு ஜப்ளா தாராளமா வரும். ராத்திரி பூரா ஊற வச்சுக் கஞ்சி போக அலசிட்டு, காஞ்சப்புறம் வெட்டுங்க. கஞ்சியோட வெட்டித் தச்சுட்டு அப்புறம் துவைச்சா சுருங்கி ஒரு பக்கமா இழுத்துக்கும்.

ஏற்காடு வாசகி: எங்க பாட்டி கான்வென்ட்ல தையல் கத்துக்கிட்டு அவங்க கையால தச்ச ஞானஸ்நான கவுன், எங்கப்பா, நான், என் மகன்னு மூணு தலைமுறை போட்டது. இந்த கிறிஸ்துமஸுக்கு பேரனுக்குப் போடணும். பெட்டிலருந்து எடுத்தா மஞ்சளா இருக்கு, அங்கங்க பழுப்புப் புள்ளி, கழுத்து லேஸ் பக்கத்துல சின்னக் கிழிசல், பூசண வாடை வேற. பிளீச்சிங் போடலாமா?

போடாதீங்க, தயவுசெஞ்சு போடாதீங்க. குளோரின் பிளீச் கறைய எடுக்கும்போது பருத்தி எழையவும் சேத்து தின்னுடும், அன்னிக்கு வெள்ளையா இருக்கும், அப்புறம் தொட்ட எடத்துல கிழியும். எங்கம்மா பின்னின லேஸ் வச்ச தலகாணி உறை ஒண்ண டவுன்ல ஒரு சலவைக் கடைல குடுத்தேன், அவங்க பிளீச்ல முக்கி பளீர்னு குடுத்தாங்க, எனக்கும் அப்ப சந்தோசம்தான். ஆறு மாசத்துல லேஸ் துணிலருந்து தனியா கழண்டு கையோட வந்துச்சு. இருபது வருசம் ஆச்சு, அந்தத் துண்ட இன்னும் தூக்கிப் போட மனசு வரல.

பொறுமையா இப்படிப் பண்ணுங்க. முதல்ல கிழிசல், தண்ணில போடுறதுக்கு முன்னால அதுக்குப் பின்னால ஒரு துண்டு மெல்லிசு வலைத் துணி வச்சு லேசா நூலோட்டி வையுங்க, இல்லன்னா ஊறும்போது கிழிசல் பெருசாயிடும். அப்புறம் அகலமான ஒரு டப்புல வெள்ளைத் துண்ட விரிச்சு அது மேல கவுன படுக்க வச்சு, பச்சத் தண்ணி ஊத்தி ஊற விடுங்க. கசக்கக் கூடாது, புழியக் கூடாது. ஒரு மணி நேரத்துல தண்ணி டீ நெறத்துல வரும், பயந்துடாதீங்க, அது இத்தன வருசத்து அழுக்குதான். தண்ணிய மாத்தி மாத்தி ஊத்துங்க, நெறம் எறங்காத வரைக்கும். பாதி மஞ்ச இதுலயே போயிடும். மிச்சம் இருந்தா ஆக்சிஜன் பிளீச் பவுடர்னு கெடைக்கும், சோடியம் பெர்கார்பனேட், அத வெதுவெதுப்பான தண்ணில நல்லா கரைச்சு, அப்புறம்தான் துணிய எறக்கணும், பவுடர் நேரா துணி மேல விழக்கூடாது. ஒரு தடவைல போகலன்னா மறுநாள் இன்னொரு தடவை. ஆனா கவுன் முழுக்க பருத்தியா இருந்தாதான் இது, பட்டு நூல் எம்பிராய்டரி கொஞ்சம் இருந்தாலும் தொடாதீங்க, பட்டு பாழாயிடும்.

தூக்கும்போது தோள்ல புடிச்சுத் தூக்காதீங்க. நனைஞ்ச துணியோட கனத்த பழைய லேஸ் தாங்காது. அடியில விரிச்ச துண்டோட சேத்துத் தூக்கி, காஞ்ச துண்டு மேல படுக்க வச்சே காயவிடுங்க. கடைசி அலசலுக்கு போர் தண்ணி வேணாம், மழைத்தண்ணி புடிச்சு வச்சா அதுதான் உத்தமம், சேலத்துல இருக்கிறவங்க காவேரித் தண்ணி. போர் தண்ணில உப்பு இருந்தா சோப்பு சரியா அலசாது, நரச்சாப்ல ஆயிடும், இரும்புச் சத்து இருந்தா பழுப்புப் புள்ளியே அதுலருந்துதான் வருது. உங்க கவுன்ல இருக்கிற புள்ளிங்க பட்டன், ஊக்கு பக்கமா இருந்தா துரு, அதுக்கு பெர்கார்பனேட் கேக்காது, எலுமிச்சச் சாறும் உப்பும் வச்சு கொஞ்ச நேரம் விட்டு நல்லா அலசிடுங்க. அங்கங்க செதறி இருந்தா பூசணம், அது முழுசா போகலன்னாலும் பரவால்லன்னு விட்டுடுங்க, தேச்சா ஓட்டைதான் மிஞ்சும்.

கிழிசலுக்கு நூல் எங்கயும் தேட வேணாங்க. கவுனோட உள் மடிப்பு ஓரத்துலருந்து ஒரு எழைய உருவுங்க. அதே துணி, அதே வயசு, அதே நெறம். அந்த எழைய மெல்லிசு ஊசில கோத்து, கிழிசலுக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுனு தறில ஊடை போடுற மாதிரி ஓட்டிக்கிட்டே வாங்க, இழுக்காம, துணி படுக்கிற மாதிரி. நான் இப்படி ஓட்டின எடத்த ரெண்டு நாள் கழிச்சு நானே தேடித்தான் கண்டுபுடிச்சேன், விரல்ல தடவினா மட்டும் லேசா தட்டுச்சு. இஸ்திரி பின்பக்கமா போடுங்க, கெட்டித் துண்டு மேல கவுத்து வச்சு, அப்பதான் எம்பிராய்டரி நசுங்காம எழும்பி நிக்கும்.

இனிமே பெட்டில வைக்கிறத பத்தி. ஏற்காடு பனிக்கும் மழைக்கும் துணி வைக்கிறதே ஒரு தனி வேலை, கீழ எங்க ஊர் வெயில்ல இந்தத் தொந்தரவு பாதி இல்ல. பிளாஸ்டிக் கவர் வேணாம், ஈரம் உள்ளயே நின்னு பூசணம் பூக்கும். கஞ்சி போட்டு வைக்கக் கூடாது, கஞ்சிய திங்க வெள்ளிப்பூச்சி வரும். மரத்து மேல நேரா படக்கூடாது, படுற எடம் பழுப்பாகும். நல்லா துவைச்ச பழைய வெள்ள வேட்டில மடிக்காம சுருட்டி வையுங்க, மடிச்சா மடிப்பு விழுந்த எடத்துலதான் முதல்ல அறுக்கும். வசம்புத் துண்டு ரெண்டு சின்னப் பையில கட்டிப் பக்கத்துல. தை, மாசி வெயில்ல ஒரு நாள் பெட்டியத் தொறந்து காத்தாட விட்டு வேற மாதிரி சுருட்டி வையுங்க.

ரசகற்பூர உருண்ட மட்டும் கொழந்த துணிக்கு ஆகவே ஆகாது. அது நாஃப்தலின், ஜி சிக்ஸ் பிடின்னு ஒரு குறைபாடு சில கொழந்தைங்களுக்குப் பொறவிலயே இருக்கும், அந்தக் கொழந்தைங்க நாஃப்தலின் பட்ட துணியப் போட்டா ரத்த அணு ஒடஞ்சு காமாலை கடுமையா வந்துடும். எந்தக் கொழந்தைக்கு இருக்குன்னு பாத்தாத் தெரியாது. உங்க பெட்டில அது இருந்திருந்தா இத்தன அலசலும் அதுக்காகவும்தான்னு வச்சுக்கங்க, வாடை துளி கூட இல்லாத வரைக்கும் பேரனுக்குப் போட வேணாம்.

ஆத்தூர் வாசகி: பின்டக், அதான் மெல்லிசு மடிப்புத் தையல், போட ரெட்டை ஊசி வாங்கினேன், என் மிதி மெஷின்ல ரெண்டும் ஒடஞ்சுது.

ஒடையத்தான் செய்யும். நேர்த்தையல் மட்டும் போடுற மெஷின்ல தகட்டுல ஒரே ஒரு சின்ன ஓட்டைதான், ரெட்டை ஊசி எறங்க எடமே இல்ல. அது ஜிக்ஜாக் மெஷினுக்கானது. ஆனா அந்தச் சின்ன ஓட்டைதான் மெல்லிசு துணிக்கு பெரிய வரம், துணிய உள்ள இழுக்காது, தையல் நூல் புடிச்சாப்ல வரும், அதனால மெஷின மாத்தாதீங்க. டக் வர்ற எடத்துல துணிலருந்து ஒரே ஒரு எழைய மெதுவா உருவுங்க, அந்தக் கோட்டுல மடிச்சு ஓரத்த ஒட்டித் தைங்க. பென்சில் கோடு கூட கோணும், எழை கோணவே கோணாது. ஒரு டக் 2 மில்லிமீட்டர்னா 4 மில்லிமீட்டர் துணி புடிக்கும், அதக் கணக்குப் பண்ணி முதல்ல டக்க முடிச்சுட்டு அப்புறம் கழுத்து, தோள் வெட்டுங்க.

சூரமங்கலம் வாசகி: ஸ்மாக்கிங் போட்டா ஒரு பக்கம் அகலமா ஒரு பக்கம் குறுகலா வருது, துணியும் பத்தமாட்டேங்குது.

துணியச் சுருக்கி மடிப்பு மேல பூத்தையல் போடுறதுதான ஸ்மாக்கிங், அதுக்குத் துணி மூணு மடங்கு எடுக்கணும், நெஞ்சுப் பக்கத்து யோக் 20 சென்டிமீட்டர் வேணும்னா 60. நீங்க ரெண்டு மடங்குல முயற்சி பண்ணிருப்பீங்கன்னு நெனைக்கிறேன். அகலம் மாறுறதுக்கு காரணம் சுருக்கு நூல். புள்ளி வச்சு வரிசை வரிசையா நூலோட்டுறோமே, ஒவ்வொரு வரிசையும் மேல் வரிசைக்கு நேர் கீழ அதே புள்ளில எடுக்கணும், ஒண்ணு தவறினாலும் மடிப்பு சாஞ்சிடும். எல்லா வரிசையும் ஓட்டி முடிச்சப்புறம் ரெண்டு ரெண்டு நூலா சேத்து இழுத்து, பலகைல அளவு பாத்துக் கட்டுங்க. அப்புறம் தையல் போடும்போது மடிப்போட நுனில மட்டும் ஊசி போகணும், மூணுல ஒரு பங்கு ஆழம், அடிவரைக்கும் குத்தினா துணி விரியவே விரியாது. எலாஸ்டிக் இல்லாத காலத்துல இங்கிலாந்து பண்ணையாளுங்க சட்டைக்கு இதுதான் எலாஸ்டிக், குனிஞ்சு நிமிந்து வேல செய்ய விரிஞ்சு குடுக்கத்தான் இந்தத் தையலே, அந்த இழுவை இல்லன்னா ஸ்மாக்கிங் போட்டும் பிரயோஜனமில்ல.

ஓமலூர் வாசகர்: நான் காலேஜ் ரெண்டாம் வருசம் படிக்கிறேன் அக்கா, எம்பிராய்டரி ரொம்ப புடிக்கும். வீட்டுல பொம்பளப்புள்ள வேலன்னு கத்துறாங்க.

தம்பி, அம்மாவ ஒரு நாள் ஆரி ஒர்க் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போ, துணிய இழுத்துக் கட்டின மரச்சட்டத்துக்கு முன்னாடி வரிசையா உக்காந்திருக்கிறது பாதிக்கு மேல ஆம்பளைங்கதான். நம்மூர்ல வெண்பட்டு தறில உக்காந்தவங்க யாரு, தெருவுல மிதி மெஷின் வச்சு காஜா எடுக்கிற அண்ணன் யாரு? நூல் வேலைக்கு ஆம்பள பொம்பள கெடையாது கண்ணு. முதல்ல ஒரு கைக்குட்டை எடுத்து நாலு ஓரமும் எழை உருவி ஹெம் ஸ்டிச் போட்டுப் பழகு. ரெண்டு மூணு எழைய உருவிட்டு நிக்கிற எழைங்கள நாலு நாலா கட்டுக் கட்டா சேத்துக் கட்டுறதுதான், கை நெதானம் அதுல வந்துடும். நூல் ஒரு முழத்துக்கு மேல வேணாம், நீளமா எடுத்தா முடிச்சு விழும், ஒவ்வொரு குத்துலயும் துணில ஒரசி கடைசில நூல் நஞ்சு போகும். மொத கைக்குட்டைய அம்மாவுக்கே குடு.

மேட்டூர் வாசகி: இந்த லேஸ், கவுன் எல்லாம் வெள்ளக்காரங்க பொருள்தானே, நமக்கு எதுக்குன்னு என் நாத்தனார் கேக்குறாங்க.

வந்தது அவங்க வழியாதான், அத மறைக்க வேணாம். 1820கள்ல நாகர்கோவில்ல மார்த்தா மால்ட்ங்கிற மிஷனரி அம்மா பொண்ணுங்களுக்கு தலகாணி லேஸ் சொல்லிக் குடுத்தாங்க, தலகாணில குண்டூசி குத்தி, கட்டைல சுத்தின நூல்கள ஒண்ணு மேல ஒண்ணு போட்டு முறுக்கிப் பின்றது. அவங்க மக எலிசாதான் நாம பள்ளிக்கூடத்துல படிச்ச கால்டுவெல்லோட மனைவி, அவங்க இடையன்குடில அதே வேலைய ஆரம்பிச்சாங்க. அது கத்துக்கிட்ட பொண்ணுங்க கைக்குக் காசு வந்துச்சு, அது சின்ன விசயமில்ல. 200 வருசமா நம்ம பொண்ணுங்க பின்னினத இன்னும் யாரோடதோன்னு சொன்னா அந்தக் கைகளுக்கு என்ன மரியாதை? நீலகிரில தோடர் அம்மாங்க படம் வரையாம, எழைய எண்ணி எண்ணியே செவப்பும் கறுப்புமா வெள்ளப் போர்வைல போடுற வேலைய பாக்கச் சொல்லுங்க உங்க நாத்தனார. பழைய சேலைல பேரப்புள்ளைக்குத் துணி தைக்கிற பழக்கத்த நமக்கு யாரும் கப்பல்ல கொண்டு வந்து குடுக்கல.

அரிசிப்பாளையம் வாசகி: எங்கம்மா போன பங்குனில தவறிட்டாங்க. அவங்க போட்டுக்கிட்டிருந்த ஷேடோ ஒர்க் டீப்பாய் விரிப்பு பாதில நிக்குது, நாலு மூலைல ரெண்டு முடிஞ்சுது, மூணாவதுல ஊசி குத்தினது குத்தினபடி இருக்கு. நான் முடிக்கலாமா, அப்படியே வச்சிடலாமா? என் கை அவங்க கை மாதிரி வராது.

ரெண்டு நாளா இந்தக் கடுதாசிய எடுத்துப் படிக்கிறதும் வைக்கிறதுமா இருந்தேங்க. முடிங்கன்னுதான் என் மனசு சொல்லுது. ஷேடோ ஒர்க்ல ஒரு விசயம் இருக்கு, அத பின்பக்கத்துலதான் போடுறோம். மெல்லிசு துணிக்குப் பின்னால மீன்முள் தையல நெருக்கமா ஓட்டினா முன்பக்கம் நெழல் மாதிரி நெறம் மட்டும் தெரியும், ஓரத்துல பொடித் தையல் கோடா நிக்கும். முன்னால பாத்தா நாலு மூலையும் ஒரே மாதிரிதான் இருக்கும். திருப்பிப் பாத்தா மட்டும் அம்மா கை எங்க நின்னுச்சு, உங்க கை எங்க தொடங்குச்சுன்னு தெரியும், தெரியட்டும். அவங்க தையல ஒண்ணக் கூட பிரிச்சு சரி பண்ணாதீங்க.

அதே நெறம் வேணும்னா அவங்க நூல் டப்பால சிட்டத்துல ஒட்டின சீட்டு இருக்கான்னு பாருங்க, நம்பர் இருந்தா அதச் சொல்லிக் கேளுங்க. சீட்டு இல்லன்னா விரிப்பையே கடைவீதிக்கு எடுத்துட்டுப் போயி கடை வாசல் வெளிச்சத்துல வச்சுப் பாத்து வாங்குங்க, டியூப் லைட்ல நெறம் ஏமாத்தும். ஆறு எழைல ஒரே எழைய மட்டும் பிரிச்சு எடுங்க. கை பழகுற வரைக்கும் வேற துணில ரெண்டு எலை போட்டுப் பாருங்க.

ஊசி இன்னும் அதுலயே இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அத மட்டும் இன்னிக்கே உருவிடுங்கம்மா, நூல அறுக்காம ஊசிய மட்டும் கழட்டி, நூல் நுனிய பின்பக்கம் லேசா ஓட்டி விடுங்க. மழைக்காலம், துரு ஏறிடும். ஊசிய நல்லா தொடச்சு, கொஞ்சம் தேங்காண்ண தடவி தனியா எடுத்து வையுங்க, மூணாவது மூலைய அதுலயே முடிக்கலாம்.